பிள்ளைகளின் மனவுறுதி: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

அடிபட்டாலும் அழாத பிள்ளையைப் பார்த்து ‘தைரியசாலி’ என்கிறோம். பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிக்கிறவர்கள் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். வலித்தால் அழ வேண்டும், நம்பிக்கையானவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பழையபடி சாப்பிட, விளையாட, படிக்கத் திரும்ப வேண்டும். இப்படித் திரும்பி வருவதற்குப் பெயர்தான் மனவுறுதி. அது சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மிச்சம் முழுக்கப் பழக்கத்தில் வருவது.

ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத சண்டை என்று பல சுமைகள் சேர்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, தங்களை விட்டுக்கொடுக்காத ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது. அவர் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், ஒரு டீச்சராக இருக்கலாம். உங்கள் வீட்டில் நிலைமை எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், அந்த ஒரு பெரியவராக நீங்கள் இருக்க முடியும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வேலைகள். சுமார் 8 வயது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் மூன்று வாரம் முதல் வேலையை மட்டும் செய்யுங்கள்.

முதல் வேலை: தினமும் 15 நிமிடம்

ஒரு நாளில் 15 நிமிடம், பிள்ளையோடு மட்டும். உங்கள் ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். படிப்பு, மார்க், ஹோம்வொர்க், சாப்பாட்டு அளவு, முடி வெட்டுவது எதையும் பேசக் கூடாது. எதைப் பேசுவது என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். அவன் ஃபோன் கேமைப் பற்றிப் பேசினால் அந்த கேமைப் பற்றிக் கேளுங்கள். எப்படி ஆடுவது என்று கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து “சொல்லு” என்றால் வாயே திறக்க மாட்டார்கள். முகத்துக்கு முகம் பார்க்காத நேரம்தான் அவர்களுக்கு வசதி. டியூஷனுக்கு வண்டியில் கொண்டுபோய் விடும்போது, பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கும்போது, பூண்டு உரிக்கும்போது பேச்சு தானாக வரும். அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீடுகளில் வீடியோ கால் முழுவதும் அம்மாவோடு போய்விட்டு, கடைசி அரை நிமிடத்தில் “நல்லா படிக்கிறியா?” என்று கேட்டு முடியும். அதை மாற்றுங்கள். பிள்ளைக்கென்று தனியாக 10 நிமிடம், வாரத்தில் மூன்று நாள், அதே நேரத்தில்.

முதல் வாரம் “ஒண்ணுமில்ல”, “சும்மாதான்” என்ற பதில்கள்தான் கிடைக்கும். இதில் ஏதோ விசாரணை இருக்கிறது என்று பிள்ளை நினைக்கிறது; இதுவரை அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே ஏதாவது கேள்வி வந்திருக்கும். பேசாவிட்டாலும் அந்த 15 நிமிடம் கூடவே இருங்கள். பெரும்பாலான வீடுகளில் முயற்சி நின்றுபோவது இரண்டாம் வாரத்தில்தான், “இவன்தான் பேசவே மாட்டேங்கிறானே” என்று பெரியவர்கள் கைவிடும்போது. பிள்ளை தவறு செய்த நாளிலும் இந்த நேரத்தைத் தண்டனையாகப் பிடுங்காதீர்கள். அன்றைக்குத்தான் அது அதிகம் தேவை.

கேட்பது எப்படி

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மாலை நாலரைக்கு வீட்டுக்கு வருகிறான். பையை வீசி எறிந்துவிட்டு, “நாளைலேர்ந்து ஸ்கூலுக்குப் போமாட்டேன்” என்கிறான். “என்ன பண்ணிட்டு வந்த?”, “ஃபீஸ் கட்டினது யாருன்னு தெரியுமா?” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படிச் செய்து பாருங்கள்:

“சரிடா, முதல்ல முகம் கழுவிட்டு வா. பால் காய்ச்சி வச்சிருக்கேன்.”

(பத்து நிமிடம் கழித்து)

“இன்னைக்கு ஏதோ மனசு கஷ்டமாயிடுச்சு போல.”

பதில் இல்லை.

“கிளாஸ்லயா, வேன்லயா?”

“கிளாஸ்ல. மிஸ் என் நோட்டை எல்லாருக்கும் தூக்கிக் காமிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்கம்மா.”

“அத்தனை பேர் முன்னாடியா? ரொம்ப அவமானமா இருந்திருக்குமே.”

பையன் அழுகிறான். அம்மா முதுகில் கை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். அழுகை அடங்கியபின்:

“அம்மா சும்மா கேட்டா போதுமா, இல்ல நாளைக்கு என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிக்கலாமா?”

இதில் நான்கு காரியங்கள் நடந்திருக்கின்றன. கோபம் உச்சியில் இருக்கும்போது அம்மா எதையும் விசாரிக்கவில்லை. தண்ணீரும் பாலும் அந்தப் பத்து நிமிடத்தை வாங்கிக் கொடுத்தன. ‘ஏன்’ என்ற கேள்வியே வரவில்லை. அது பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். ‘அவமானம்’ என்று அந்த உணர்ச்சிக்கு ஒரு பெயர் கிடைத்தது. கடைசியாக, அறிவுரை வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா அடுத்த படிக்குப் போகிறாள்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதை எளிதாக நினைக்காதீர்கள். “கடுப்பா இருக்கு” என்ற ஒரே சொல்லில் பிள்ளைகள் ஏமாற்றம், வெட்கம், பொறாமை, பயம், தனிமை, குற்றவுணர்வு அத்தனையையும் அடக்கிவிடுகிறார்கள். எது என்று தெரிந்தால்தான் என்ன செய்வதென்று தெரியும். பயத்துக்கு ஒரு வழி, தனிமைக்கு வேறு வழி. நீங்களும் சொல்லிப் பழகுங்கள்: “இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு விஷயத்துல ஏமாந்துட்டேன், அதான் முகம் வாடியிருக்கு.” பெரியவர்களுக்கும் இப்படியெல்லாம் இருக்கும், அதைச் சொல்லலாம் என்று பிள்ளை அதிலிருந்து தெரிந்துகொள்கிறது.

நீங்கள் கத்திவிட்ட நாட்களும் வரும். அன்றிரவு தூங்கப் போகும் முன்பே போய்ச் சொல்லுங்கள்: “நான் கத்தினது தப்புப்பா. உன் மேல தப்பு இருந்தாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.” அதோடு நிறுத்துங்கள். “ஆனா நீயும்...” என்று இழுத்தால் மன்னிப்பு அங்கேயே காலி.

தூக்கம்: இதைச் சரிசெய்யாமல் அடுத்ததைத் தொடாதீர்கள்

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. நம் ஊர் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலை டியூஷன் முடிந்து வீடு திரும்ப 8.30, சாப்பாடு, ஹோம்வொர்க், படுக்கும்போது 11.30. மறுநாள் 5 மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கிறோம். ஐந்தரை மணி நேரம்தான் தூக்கம். படித்தது மூளையில் நிலைப்பதே தூக்கத்தில்தான். தூக்கம் குறைந்தால் எரிச்சலும் அழுகையும் மறதியும் கூடும். பிறகு அதையே “திமிர்” என்கிறோம்.

பருவ வயதில் உடலுக்குள் இருக்கும் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் போகிறது. ஒன்பது மணிக்குத் தூக்கம் வராதது அவர்கள் குற்றமில்லை. ஆகவே விடியற்காலை 5 மணிக்கு எழுப்புவதை விட்டுவிட்டு, இரவு 10 முதல் காலை 6 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 4 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். உள்ளே போன காஃபினில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். வீட்டிலுள்ள எல்லா ஃபோன்களும், உங்கள் ஃபோன் உட்பட, இரவு 9.30-க்கு ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போக வேண்டும். பிள்ளையின் ஃபோனை மட்டும் வாங்கி வைத்துவிட்டு நீங்கள் படுக்கையில் ரீல்ஸ் பார்த்தால் இது ஒரு வாரம்கூடத் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். பதினொரு மணி வரை தூங்கவிட்டால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை காலை வீடே ரணகளமாகும்.

இதோடு தினமும் ஒரு மணி நேரம் உடல் அசைய வேண்டும். சைக்கிள், கபடி, ஷட்டில், மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், எதுவானாலும் சரி. தேர்வு மாதத்தில் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டுதான். அந்த மாதத்தில்தான் அது மிகவும் தேவைப்படும். குறைந்தது அரை மணி நேரமாவது விட்டுவையுங்கள்.

சின்னச் சின்னப் பொறுப்புகள்

பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்று எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தால், ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் வளர இடமே இருக்காது. எட்டு வயதில் தன் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, பையை அடுக்கிக்கொள்ளலாம். பத்துப் பதினொன்றில் கடைக்குப் போய் நான்கு சாமான் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிக் கொண்டுவரலாம். பதின்மூன்றில் சாதம் வடிக்கலாம், டவுன் பஸ்ஸில் தெரிந்த பாதையில் தனியாகப் போய்வரலாம். பதினாறில் சிலிண்டர் புக் செய்வது, பேங்கில் பணம் கட்டுவது, ஒரு வாரக் காய்கறிச் செலவைக் கணக்குப் பார்ப்பது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பட்டியல்தான்.

தவறு நடக்கும். பதினொரு வயதுப் பிள்ளை துவரம் பருப்புக்குப் பதில் கடலைப் பருப்பு வாங்கி வருவாள். நீங்கள் ஓடிப்போய் மாற்றாதீர்கள். “இப்ப என்ன பண்ணலாம்?” என்று கேளுங்கள். அவளே கடைக்குத் திரும்பிப் போய், “அண்ணே, தப்பா வாங்கிட்டேன், மாத்திக் குடுங்க” என்று சொல்லி மாற்றி வந்தால், பத்து அறிவுரையில் கிடைக்காதது அந்த ஒரு நடையில் கிடைத்துவிடும். மறந்துவிட்டுப் போன ஹோம்வொர்க் நோட்டைப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு ஓடுவதையும் இப்படியே நிறுத்தலாம். மதிய சாப்பாட்டை மறந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். பட்டினியில் பாடம் கற்பிக்க வேண்டியதில்லை.

பாராட்டும்போது, “நீ புத்திசாலி” என்பதைவிட என்ன செய்தாள் என்பதைச் சொல்லுங்கள்: “அந்தக் கணக்கு மூணு தடவை தப்பா வந்தும் விடாம போட்டுப் பாத்தியே.” புத்திசாலி என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை, அந்தப் பெயர் போய்விடும் என்று பயந்து கடினமானதைத் தொடாமல் ஒதுங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் அக்காவோடும் ஒப்பிடுவதால் எந்தப் பிள்ளையும் முன்னேறியதில்லை; இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

பயத்துக்குப் படிக்கட்டு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பயந்த இடத்திலிருந்து விலகியவுடன் மனம் லேசாகிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் விலகச் சொல்கிறது. இப்படி ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் பயம் ஒரு சுற்றுப் பெருக்கிறது. “பாவம், பயப்படுறா, விட்டுடுங்க” என்பதும், “ஒரேடியா தண்ணியில தள்ளிவிட்டா நீச்சல் வந்துடும்” என்பதும் இரண்டுமே தவறாகப் போவது இதனால்தான். நடுவில் ஒரு வழி இருக்கிறது. பயத்தைப் படிகளாக உடைத்து, ஒவ்வொன்றாக ஏறுவது.

வகுப்பில் வாயைத் திறக்கவே பயப்படும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அவளோடு உட்கார்ந்து, பயமான சூழ்நிலைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 10-க்கு எவ்வளவு பயம் என்று அவளையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பட்டியல் இப்படி வரலாம்:

1. வீட்டில் அம்மாவுக்குப் பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது: 2
2. பாட்டி, சித்தி, தம்பி எல்லோர் முன்னும் எழுந்து நின்று வாசிப்பது: 3
3. ஸ்டேஷனரி கடையில் தானே விலை கேட்டு வாங்குவது: 4
4. வகுப்பு முடிந்தபின் டீச்சரிடம் தனியாக ஒரு சந்தேகம் கேட்பது: 5
5. டீச்சரிடம் முன்பே சொல்லிவைத்த ஒரு கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்வது: 6
6. தானாகவே கை தூக்கிப் பதில் சொல்வது: 8
7. காலை பிரேயரில் மைக் முன் நின்று திருக்குறள் சொல்வது: 9

ஒரு படியில் பயம் பாதியாகக் குறையும் வரை அதையே திரும்பச் செய்ய வேண்டும். 4 என்று போட்டது 2 ஆனால் அடுத்த படி. வாரத்தில் நான்கைந்து முறை செய்தால்தான் பலன் தெரியும். வாரம் ஒரு முறை செய்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவதுபோல இருக்கும். பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் ஓடிவரக் கூடாது. பயம் அலை மாதிரி. ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், தானாக இறங்கும். இறங்குவதைப் பிள்ளை ஒரு முறையாவது அங்கேயே நின்று அனுபவிக்க வேண்டும். மொத்தம் ஆறு முதல் பத்து வாரம் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. நான்காம் படி நன்றாகப் போனதும் உற்சாகத்தில் ஏழாம் படிக்குத் தாவுவது ஒன்று. கடைக்காரர் “என்ன வேணும் பாப்பா?” என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்கும் அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்வது இன்னொன்று, அதைப் பத்தடி தள்ளி நின்று தவிர்க்கலாம். மூன்றாவது, “ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது” என்று பத்து முறை உறுதி சொல்வது. அது கொஞ்ச நேர நிம்மதிதான். பிள்ளை மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும். “பயமாத்தான் இருக்கும். பயத்தோடயே போய் கேட்டுட்டு வா, நான் இங்கதான் நிக்கறேன்” என்று சொல்லுங்கள்.

பள்ளிக்கே போக மறுத்தால் முதலில் காரணத்தைத் தேடுங்கள்: யாராவது சீண்டுகிறார்களா, ஆசிரியர் அடிக்கிறாரா, பாடம் புரியவில்லையா. மாதவிடாய் நாட்களில் பள்ளிக் கழிப்பறை மோசமாக இருப்பதால் மட்டுமே லீவு போடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது பயமில்லை, தலைமையாசிரியரிடம் பேசித் தீர்க்க வேண்டிய குறை. காரணம் சரியானபின் திரும்ப அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போவதை இன்னும் கடினமாக்கும். முதல் நாள் அரை நாள், அல்லது பிடித்த இரண்டு பீரியட் மட்டும் என்றாவது தொடங்குங்கள்.

மூச்சு

படபடப்புக்கு உடனடி உதவி மூச்சுதான், ஆனால் பெரும்பாலும் தவறாகச் சொல்லித்தரப்படுகிறது. “நல்லா இழுத்து மூச்சு விடு” என்றால் பிள்ளை வேகவேகமாகப் பெரிய மூச்சு எடுக்கும். அதில் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும். சரியான முறை: மூக்கு வழியாக மெதுவாக நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் கை மேலெழும்ப வேண்டும், தோள் தூக்கக் கூடாது. ஐந்து நிமிடம், தினமும் தூங்கும் முன். சாதாரண நாட்களில் பழகாத பிள்ளைக்குத் தேர்வு ஹாலில் இது கைகொடுக்காது.

ரிசல்ட் நாள்

பொதுத் தேர்வு முடிவு வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே பேசிவிடுங்கள். “மார்க் எதுவா இருந்தாலும் அன்னைக்கு மதியம் எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடப் போறோம்” என்று சொல்லுங்கள், அப்படியே செய்யுங்கள். அன்று பிள்ளை தனியாக வீட்டில் இருக்கக் கூடாது. யாராவது ஒருவர் லீவு போடுங்கள். முடிவைப் பிள்ளையே பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். உறவினர்களின் ஃபோனை நீங்கள் எடுங்கள். “மாமா, அவ இப்ப பேசுற மனநிலையில இல்ல, அப்புறம் அவளே கூப்பிடுவா” என்ற ஒரு வாக்கியம் போதும். மார்க்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு. முதலிடம் பெற்றவர்களின் பெயரை வெளியிடுவதைத் தமிழ்நாடு அரசே 2017-இல் நிறுத்திவிட்டது.

மார்க் குறைந்திருந்தால் அன்று எந்த முடிவும் எடுக்க வேண்டாம். இரண்டு நாள் போகட்டும். பிறகு வழிகளைத் தாளில் எழுதுங்கள்: பன்னிரண்டாம் வகுப்பு என்றால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்ப்பது, மறுகூட்டல், மறுமதிப்பீடு, தேர்ச்சி பெறாவிட்டால் அதே ஆண்டில் நடக்கும் துணைத் தேர்வு, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கை. தேர்ச்சிக்கு 35 வேண்டிய இடத்தில் 31 வாங்கிய பிள்ளைக்கு வாழ்க்கையே முடிந்தது போலத் தோன்றும். கண் முன்னால் தாளில் நான்கு வழிகள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூச்சு வரும். விண்ணப்பிக்கக் கடைசித் தேதிகள் நெருக்கமாக இருக்கும், அதைக் குறித்துவைப்பது பெரியவர்களின் வேலை. மேற்படிப்புச் சந்தேகங்களுக்குத் தமிழ்நாட்டில் 14417 என்ற எண்ணில் கேட்கலாம்.

‘தாங்கிக்கோ’ என்று சொல்லக் கூடாத இடங்கள்

மனவுறுதி என்ற பெயரில் கொடுமையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். ஆசிரியர் அடிப்பதும், மனம் நோகத் துன்புறுத்துவதும் 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. சாதிப் பெயர் சொல்லி ஒதுக்குவது, கூட்டமாகக் கேலி செய்வது, ஃபோட்டோவை வைத்து மிரட்டுவது எதையும் பிள்ளை தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை. தேதி, இடம், யார், என்ன என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட்டோடு தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பாலியல் தொந்தரவு என்று பிள்ளை சொன்னால் முதல் வார்த்தை “உன் மேல எந்தத் தப்பும் இல்ல, சொன்னதுக்கு நல்லது” என்பதாக இருக்கட்டும். குடும்ப மானம் கருதி மூடிவைக்கக் கூடாது. 2012-இன் போக்சோ சட்டப்படி இதைப் பற்றி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம்.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்பதுதான் அளவுகோல். பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்குவது, தூக்கமும் பசியும் மாறுவது, மார்க் திடீரென்று சரிவது, காரணமில்லாத எரிச்சல். வளரிளம் வயதில் மனச்சோர்வு சோகமாக மட்டுமல்ல, கோபமாகவும் தெரியலாம். திங்கட்கிழமை காலைதோறும் வந்து, லீவு நாளில் காணாமல் போகும் வயிற்று வலி நடிப்பில்லை; பிள்ளைக்கு நிஜமாகவே வலிக்கிறது, பயம் அந்த வழியாக வெளியே வருகிறது. பெண் பிள்ளை எந்நேரமும் களைப்பாக, எரிச்சலாக இருந்தால் ஹீமோகுளோபின் சோதனையும் தைராய்டு சோதனையும் முதலில் செய்துவிடுங்கள். இரத்தசோகையைச் சோம்பேறித்தனம் என்று பல வீடுகளில் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

கையில் கீறிக்கொண்ட தழும்புகள், “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” போன்ற பேச்சு, பிரியமான பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே, தனியாக உட்கார்ந்து, நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?” இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் உள்ளே போய்விடாது. கேட்காமல் விட்டால் பிள்ளை அதைத் தனியாகச் சுமக்கும். ஆமாம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல், திட்டாமல், சத்தியம் வாங்காமல், “இதைச் சொன்னது பெரிய விஷயம். இனி நீ தனியா இல்ல” என்று சொல்லுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரைகள் போன்ற ஆபத்தானவற்றை வீட்டைவிட்டே அகற்றுங்கள், முடியாவிட்டால் பூட்டிச் சாவியை உங்களிடம் வையுங்கள். இந்த எண்ணம் பெரும்பாலும் சில நிமிடங்கள், சில மணி நேரங்களே உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் எதுவும் கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், தமிழ்நாட்டில் 104-லும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் மனநல உதவிக்கு 1926, சிறுவர் உதவிக்கு 1929. ஏதாவது செய்துகொண்டுவிட்டால் எதற்கும் காத்திராமல் ஆம்புலன்ஸை அழையுங்கள், இந்தியாவில் 108.

முதல் முறை டாக்டரிடம் போகும்போது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. எங்கே போவதென்று தெரியாவிட்டால் மேலே சொன்ன 104-இல் கேளுங்கள். பிள்ளையிடம் “பைத்தியக்கார டாக்டர்” என்ற பேச்சே வரக் கூடாது. “தூக்கம், பயம், மனசு இதெல்லாம் பாக்குற டாக்டர்” என்றால் புரியும். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது மனதுக்குத் தெம்பு என்றால் போய்வாருங்கள், அதற்காக மருத்துவத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

போகும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, அந்தச் சமயத்தில் வீட்டிலும் பள்ளியிலும் என்ன நடந்தது, எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன சாப்பிடுகிறாள், ஏற்கெனவே எடுக்கும் மருந்துகள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. டாக்டர் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்றால் வெளியே போய் உட்காருங்கள். வெளியே வந்ததும் “உள்ள என்ன சொன்ன?” என்று கேட்காதீர்கள், அந்த அறையில் பேசியது அங்கேயே இருக்கும் என்று நம்பினால்தான் அடுத்த முறை வாய் திறப்பாள். உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் டாக்டரே உங்களிடம் சொல்லுவார். எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை கொடுக்க மாட்டார்கள். பலருக்குப் பேச்சுச் சிகிச்சைதான். மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதினால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முதல் சில வாரங்களில் பிள்ளையின் போக்கில் பதற்றமோ புதிய மாற்றமோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். “தேறிட்டா” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். மாத்திரைப் பட்டை உங்கள் கையில் இருக்கட்டும். அன்றன்றைக்குரியதை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். அடுத்த சந்திப்புக்கான தேதியை அங்கேயே கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.